லிட்டருக்கு எத்தனை கடல் மைல்? மோட்டார் படகின் எரிபொருள் கணக்கு

பைக்கைக் காட்டி "எவ்வளவு கொடுக்குது?" என்று கேட்டால் ஒரே எண்ணில் பதில் வந்துவிடும். அதே கேள்வியை ஃபைபர் படகு வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் "மணிக்கு நாலு லிட்டர் குடிக்கும்" என்பார். அடுத்தவர் "ஒரு கேன் போட்டா போயிட்டு வந்துரலாம்" என்பார். மூன்றாமவர் "அது காத்தைப் பொறுத்ததுங்க" என்பார். மூன்று பேர் சொல்வதும் உண்மைதான். ஆனால் இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு எந்தப் படகு சிக்கனம், எது வீண் என்று ஒப்பிடவே முடியாது.

தமிழ்நாட்டில் இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுகளுக்கு ஆண்டுக்கு இத்தனை லிட்டர் என்று விற்பனை வரி இல்லாத டீசல் தருகிறார்கள். 2023-ல் அறிவித்த உயர்வின்படி அது 4,400 லிட்டர். ஆண்டுக்கு 200 நாள் கடலுக்குப் போகிற ஒருவருக்கு அதை வகுத்துக் கொடுத்தால் நாளொன்றுக்கு 22 லிட்டர். அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் பம்பில் முழு விலை. ஆகவே அந்த 22 லிட்டர் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பது வீட்டுச் செலவுக் கணக்கோடு நேராக ஒட்டியிருக்கிற கேள்வி. பலரும் அதற்கு எஞ்சினைப் பார்த்துப் பதில் தேடுகிறார்கள். எஞ்சினைவிட வேகத்தில்தான் பெரும்பகுதி பதில் இருக்கிறது. அதை எப்படி அளப்பது, அளந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம்.

முதலில் அளவுகள்

கடலில் தூரத்தைக் கடல் மைலில் சொல்கிறோம். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்துக்கு ஒரு நாட் என்று பெயர். 6 நாட் என்றால் மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர், சைக்கிளில் சற்று நிதானமாகப் போகிற வேகம்.

எரிபொருளை மூன்று விதமாகக் கணக்கிடலாம். மூன்றும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

1. மணிக்கு எத்தனை லிட்டர். இது எஞ்சினின் பசி. கரையில் கட்டிப்போட்டு எஞ்சினை ஓடவிட்டாலும் இந்த எண் வரும், படகு ஓர் அடி நகராமலே.

2. லிட்டருக்கு எத்தனை கடல் மைல். இதுதான் மைலேஜ். படகின் உடல், சுமை, தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளுகிற புரொப்பல்லர், கடலின் நிலை எல்லாம் இதற்குள் வந்துவிடும்.

3. ஒரு கிலோ மீனுக்கு எத்தனை லிட்டர். பிழைப்புக்கு இதுதான் கடைசிக் கணக்கு. இழுவலை போடுகிற விசைப்படகுக்கு இரண்டாவது அளவால் பெரிய பயன் இல்லை. வலையை இழுக்கும்போது படகு 3 நாட் அளவில்தான் ஊர்ந்து போகும், ஆனால் எஞ்சின் முழுப் பாரத்தில் உழைக்கும். அங்கே டீசலைக் குடிப்பது பெரும்பாலும் வலை. அதைக் குறைக்க வலையின் கண்ணளவு, நூலின் தடிமன், வலை வாயை விரித்துப் பிடிக்கிற பலகை இவற்றைத்தான் பார்க்க வேண்டும். அது தனிக் கதை, இங்கே எடுக்கவில்லை.

முதல் இரண்டுக்கும் உள்ள உறவு எளிது. வேகத்தை (நாட்) மணிக்குச் செலவாகும் லிட்டரால் வகுத்தால் லிட்டருக்குக் கடல் மைல் கிடைக்கும். 6 நாட்டில் மணிக்கு 3 லிட்டர் போனால் லிட்டருக்கு 2 கடல் மைல். "மணிக்கு நாலு லிட்டர்" என்பது எந்த வேகத்தில் என்று சொல்லாதவரை அரைத் தகவல்தான்.

பின்னால் திரும்பி அலையைப் பாருங்கள்

சாலையில் வண்டி ஓட, டயரின் உராய்வையும் காற்றின் எதிர்ப்பையும் வென்றால் போதும். படகுக்கு இன்னொரு பெரிய செலவு இருக்கிறது. அது போகிற வழியெல்லாம் அலையை உண்டாக்கிக்கொண்டே போகிறது. அந்த அலையை எழுப்புவதற்கான விலையும் டாங்கிலிருந்துதான் போகிறது.

அடுத்த முறை அமைதியான கடலில் போகும்போது படகின் ஓரத்தில் தண்ணீர்க் கோட்டைக் கவனியுங்கள். மெதுவாகப் போகையில் அணியத்திலிருந்து, அதாவது முன்முனையிலிருந்து, பின்முனையான கடையால் வரைக்கும் சின்னச் சின்னதாக இரண்டு மூன்று அலை முகடுகள் பக்கவாட்டில் தெரியும். வேகம் கூடக்கூட முகடுகளுக்கு இடையிலான தூரம் நீளும். மூன்று இரண்டாகும். ஒரு கட்டத்தில் அணியத்தில் ஒரு முகடு, கடையாலில் ஒரு முகடு, நடுவில் ஒரே பள்ளம் என்று ஆகிவிடும். படகு தானே உண்டாக்கிய அலைக்குழிக்குள் உட்கார்ந்திருக்கும். அதற்கும் மேல் ரேஸ் கொடுத்தால் கடையால் பள்ளத்தில் இறங்கும், அணியம் தூக்கும். படகு தன் அலை மீதே மேடேற முயல்கிறது என்று பொருள். எஞ்சின் அலறும், பின்னால் வெள்ளை நுரை பெருகும், ஜிபிஎஸ்ஸில் வேகம் மட்டும் ஏறாது.

அந்த எல்லையைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. தண்ணீரைத் தொடுகிற நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43 ஆல் பெருக்கினால் நாட்டில் வேகம் வரும். தண்ணீர்க் கோட்டில் 8 மீட்டர் நீளமுள்ள படகுக்கு அது சுமார் 6.9 நாட். 16 மீட்டர் விசைப்படகுக்கு 9.7 நாட். நீளமான படகின் அலை நீளமானது, நீளமான அலை வேகமாக ஓடும், அதனால் எல்லையும் தள்ளிப்போகிறது. இது தாண்டவே முடியாத சுவர் என்றில்லை. ஆனால் அதன் அருகில் போகப்போக ஒவ்வொரு அரை நாட்டுக்கும் கொடுக்கிற விலை கண்மண் தெரியாமல் ஏறும்.

அந்த எல்லைக்குக் கீழே ஒரு பொது விதியை நினைவில் வைக்கலாம். தேவைப்படும் குதிரைத்திறன் ஏறக்குறைய வேகத்தின் மூன்றாம் அடுக்காகக் கூடும். 5 நாட்டிலிருந்து 6 நாட்டுக்குப் போனால் வேகம் 20 சதவீதம்தான் கூடுகிறது, தேவையான சக்தி 73 சதவீதம் கூடுகிறது. சீக்கிரம் போய்ச் சேர்வதால் நேரம் மிச்சமாவதைக் கழித்த பிறகும், அதே தூரத்துக்கு 44 சதவீதம் அதிக எரிபொருள். எல்லைக்குப் பக்கத்தில் இது மூன்றாம் அடுக்கையும் மிஞ்சும்.

பறக்கிற படகுக்கு வேறு கணக்கு

ரோந்துப் படகுகள், சுற்றுலாத் தலங்களில் ஓடும் வேகப்படகுகள், இலங்கைக் கரையோரம் அவுட்போர்டு (கடையாலின் வெளிப்பக்கம் மாட்டுகிற எஞ்சின்) மாட்டி ஓடும் சிறிய ஃபைபர் படகுகளில் பல, இவை அந்த மேட்டைத் தாண்டி நீர்மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போகக்கூடியவை. எடை குறைவு, பின்பக்க அடி தட்டை, எஞ்சின் சக்தி அதிகம் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் இது நடக்கும்.

இவற்றின் மைலேஜ் நேராக இறங்குவதில்லை. மெதுவாகப் போகும்போது நன்றாக இருக்கும். அணியம் வானத்தைப் பார்த்துக்கொண்டு, கடையால் தண்ணீரைத் தோண்டிக்கொண்டு போகிற இடைப்பட்ட வேகத்தில் படுமோசமாகும். மேட்டைத் தாண்டி அணியம் சமநிலைக்கு வந்து, சத்தம் சற்றுத் தணிந்து படகு லேசான மாதிரி உணர்வு வரும்போது மைலேஜ் மறுபடி கூடும். அதன் பிறகும் முறுக்கினால் மீண்டும் குறையும். அதனால் "மெதுவாப் போனா மிச்சம்" என்று நினைத்து முழு வேகத்திலிருந்து பாதிக்குக் குறைப்பவர் சில சமயம் நேராக அந்த மோசமான இடத்துக்குள் போய் விழுகிறார். குறைப்பதானால் அலையே எழாத அளவுக்குக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கும் வேகத்தின் கீழ் விளிம்பில் நிறுத்த வேண்டும்.

வலை, ஐஸ், ஆட்கள் என்று சுமை ஏற்றிப் போகும் மீன்பிடிப் படகு, பிடித்த மீனோடு திரும்பும்போது பெரும்பாலும் வழுக்கும் நிலைக்கு வராது. அதற்கு மேலே சொன்ன அலைக்குழிக் கணக்குதான்.

ஒரு லிட்டர் எங்கே போகிறது

ஒரு லிட்டர் டீசலுக்குள் சுமார் 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. நல்ல டீசல் எஞ்சின் அதில் மூன்று, மூன்றரை யூனிட்டைத் தண்டுக்குக் கொடுக்கும். மிச்சமெல்லாம் புகையிலும் குளிர்விக்கிற தண்ணீரிலும் சூடாகப் போய்விடும். தண்டுக்கு வந்ததில் புரொப்பல்லர் பாதியைத் தள்ளுவிசையாக மாற்றினால் பரவாயில்லை என்று சொல்லலாம். ஆக, படகை உண்மையில் முன்னே தள்ளுவது ஒன்றரை யூனிட் அளவுதான்.

எஞ்சின் வகைகளுக்கு இடையே வித்தியாசம் பெரியது. ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தருவதற்குத் தோராயமாக:

1. டீசல்: 0.2 முதல் 0.25 லிட்டர்.
2. நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டு: 0.3 முதல் 0.35 லிட்டர்.
3. கார்புரேட்டர் உள்ள இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு: 0.45 முதல் 0.55 லிட்டர்.

மூன்றாவது ஏன் இவ்வளவு குடிக்கிறது? இரண்டு ஸ்ட்ரோக்கில் புதிய கலவை சிலிண்டருக்குள் நுழையும்போது புகை வெளியேறும் துவாரமும் திறந்தே இருக்கும். கலவையில் ஒரு பங்கு எரியாமலே வெளியே ஓடிவிடும். இந்த எஞ்சின் நின்றுகொண்டிருக்கும் இடத்தில் தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் படர்கிற படலத்தில், காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட எண்ணெயும் சேர்ந்திருக்கிறது.

கிழக்குக் கரையில் நிறைய ஃபைபர் படகுகள் நீண்ட தண்டு பொருத்திய சிறிய டீசல் எஞ்சினோடு ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். எடை அதிகம், சத்தம் அதிகம், வேகம் குறைவு. ஆனால் லிட்டர் கணக்கில் இரண்டு ஸ்ட்ரோக்கால் பக்கத்தில் நிற்க முடியாது.

இந்த எண்கள் முழுச் சக்தியில் ஓடும்போதுதான் பொருந்தும். 10 குதிரைத்திறன் எஞ்சினை மெதுவாக ஓட்டினால் 10 குதிரைத்திறனுக்கான எண்ணெய் செலவாகாது. ஆகவே கடையில் சொல்கிற "மணிக்கு இத்தனை லிட்டர்" என்பதை அப்படியே பெருக்கி ஆண்டுச் செலவு போடாதீர்கள். உங்கள் படகில் அளந்த எண் வேண்டும்.

அளப்பது எப்படி

வேண்டியவை: ஜிபிஎஸ் (கைபேசியில் இருப்பதே போதும்), அளவுக்கோடு போட்ட கேன் ஒன்று, கடிகாரம், நோட்டு. உதவிக்கு ஒரு ஆள். ஒருவர் படகை ஓட்ட வேண்டும், ஒருவர் எழுத வேண்டும். இரண்டையும் ஒருவரே செய்தால் இரண்டும் கெடும், பாதுகாப்பும் இல்லை.

கேனைத் தயார் செய்வதில்தான் பாதி வேலை. பால்போல் வெளிச்சம் ஊடுருவுகிற, எரிபொருளுக்கென்றே செய்த 5 லிட்டர் கேனை எடுத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் வைத்து, அளவுக் குவளையால் 250 மில்லியாக ஊற்றி ஊற்றி ஒவ்வொரு முறையும் வெளியே மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். கம்பெனி அச்சடித்த கோட்டை நம்பிவிட வேண்டாம், கேன் வெயிலில் உப்பியிருக்கலாம். எஞ்சினுக்குப் போகும் குழாயை இந்தக் கேனில் இறக்கி மூடியைக் காற்றுவழி விட்டு அடைத்து, கேனைப் படகின் நடுவில், ஆட்டம் குறைந்த இடத்தில் கயிற்றால் கட்டிவிடுங்கள். பெட்ரோலாக இருந்தால் பீடி, சிகரெட், தீப்பெட்டி எதுவும் பக்கத்தில் கூடாது.

டீசல் எஞ்சினில் ஒரு பொறி இருக்கிறது. அது எடுத்த எண்ணெய் முழுவதையும் எரிப்பதில்லை, மிச்சத்தை இன்னொரு சின்னக் குழாய் வழியே டாங்குக்குத் திருப்பி அனுப்பும். அந்தத் திரும்பும் குழாயையும் இதே கேனில் விட வேண்டும். மறந்தால் படகு இருப்பதைவிட அதிகமாகக் குடிப்பதாகக் கணக்கு வரும். கேன் காலியாகிற வரை ஓடவிடவும் கூடாது. குழாயில் காற்று புகுந்தால் டீசல் எஞ்சின் நின்றுவிடும், காற்றை வெளியேற்றி மறுபடி கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இனி ஓட்டம்:

1. காற்று எழும்புவதற்கு முன் காலையில் போங்கள். படகில் எத்தனை பேர், வலை நனைந்ததா காய்ந்ததா, ஐஸ் எவ்வளவு, அடிப்பகுதி எப்போது சுத்தம் செய்தது, எல்லாவற்றையும் முதலில் எழுதுங்கள். இது இல்லாத எண்ணை ஆறு மாதம் கழித்து எதனோடும் ஒப்பிட முடியாது.

2. எஞ்சின் சூடான பிறகு, ஒரே ரேஸில் பிடித்துக்கொண்டு நேராக ஒரு திசையில் 10 நிமிடம் ஓடுங்கள். வேகத்தையும் குறைந்த எண்ணெயையும் எழுதுங்கள். மெதுவான வேகங்களில் 10 நிமிடத்தில் கோடு அதிகம் இறங்காது, அங்கே 20 நிமிடம் ஓடுவது நல்லது.

3. திரும்பி, அதே ரேஸில் அதே நேரம் எதிர்த்திசையில் ஓடுங்கள். இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். ஜிபிஎஸ் காட்டுவது தரையைப் பொறுத்த வேகம். நீவாடு, அதாவது நீரோட்டம், உங்களைச் சுமந்து போனால் படகு ரொம்பச் சிக்கனம் மாதிரி தெரியும், எதிர்த்தால் மோசம் மாதிரி தெரியும்.

4. இரண்டு வேகத்தையும் கூட்டி இரண்டால் வகுங்கள். மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. ஒரே தூரத்தைப் போய்வந்து அப்படி வகுத்தால் தப்பு வரும். 6 நாட் படகு 1.5 நாட் நீரோட்டத்தில் போகும்போது 7.5, வரும்போது 4.5 காட்டும். சராசரி 6, சரி. ஆனால் ஒரு கடல் மைல் போய்வந்த மொத்த நேரத்தால் வகுத்தால் 5.6 என்று வரும். எதிர்த்து வருவதில் அதிக நேரம் செலவாவதுதான் காரணம்.

5. ரேஸை ஒரு படி கூட்டி மறுபடியும். நான்கைந்து வேகங்களில் எடுத்தால் உங்கள் படகின் குணம் முழுவதும் தெரிந்துவிடும்.

காசு இருந்தால் ஃப்ளோ மீட்டர் வாங்கிக் குழாயில் பொருத்தலாம். டீசலுக்கு, போகிற குழாய்க்கு ஒன்று, திரும்புகிற குழாய்க்கு ஒன்று என இரண்டு உணரிகள் உள்ளதாக இருக்க வேண்டும். புதிய நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளில் எஞ்சினின் கணினியே அளவைக் கணக்கிட்டுத் திரைக்கு அனுப்பும் வசதி உண்டு. அப்போதும் ஒரு தடவை கேன் வைத்துச் சரிபார்ப்பது நல்லது.

டாங்கை முட்ட நிரப்பிவிட்டுப் போய், வந்து மறுபடி முட்ட நிரப்பி, எவ்வளவு பிடித்தது என்று பார்ப்பதும் ஒரு வழி. ஒரு முழு நாளின் சராசரிக்கு அது நல்ல கணக்கு. எந்த வேகத்தில் எவ்வளவு என்பதை மட்டும் அது சொல்லாது.

வந்த எண்ணைப் படிப்பது

கணக்கு விளங்குவதற்காக, இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மாட்டிய 8 மீட்டர் ஃபைபர் படகுக்குப் பொருந்தக்கூடிய எண்களை எடுத்துக்கொள்வோம். இவை ஒரு குறிப்பிட்ட படகில் அளந்தவை அல்ல.

4 நாட்: மணிக்கு 1.2 லிட்டர், லிட்டருக்கு 3.3 கடல் மைல்
5 நாட்: மணிக்கு 1.9 லிட்டர், லிட்டருக்கு 2.6 கடல் மைல்
6 நாட்: மணிக்கு 3.0 லிட்டர், லிட்டருக்கு 2.0 கடல் மைல்
6.5 நாட்: மணிக்கு 3.8 லிட்டர், லிட்டருக்கு 1.7 கடல் மைல்
7 நாட்: மணிக்கு 4.9 லிட்டர், லிட்டருக்கு 1.4 கடல் மைல்

மீன்பிடிக்கிற இடம் 15 கடல் மைல் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஃபுல் ரேஸில் 7 நாட்டில் போனால் 2 மணி 9 நிமிடம், 10.5 லிட்டர். 6 நாட்டில் போனால் 2 மணி 30 நிமிடம், 7.5 லிட்டர். போகும்போது 21 நிமிடம், வரும்போது 21 நிமிடம் விட்டுக்கொடுத்தால் ஒரு நாளில் 6 லிட்டர் மிச்சம். மேலே சொன்ன 200 நாளுக்கு 1,200 லிட்டர்.

ஒரு நாட் முழுவதையும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லையா, கடைசி அரை நாட்டை மட்டும் பாருங்கள். 7-லிருந்து 6.5-க்குக் குறைத்தால் 15 கடல் மைலுக்கு 10 நிமிடம் கூடுகிறது, ஒன்றே முக்கால் லிட்டர் குறைகிறது. ஏலத்துக்கு முதல் ஆளாகக் கரையேறினால் நல்ல விலை கிடைக்கும் நாளில் அந்த 10 நிமிடத்தை வாங்கலாம், தப்பில்லை. வெறும் கையோடு போகிற அதிகாலையில் எதற்கு வாங்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. பக்கத்துப் படகு முந்துகிறது என்பதற்காகக் கைப்பிடியை முறுக்குவது கடற்கரையில் மிகச் சாதாரணமாக நடக்கிற, மிக விலையுயர்ந்த பழக்கம்.

பெரிய எஞ்சின் மாட்டினால் சரியாகிவிடும் என்ற எண்ணத்துக்கும் இதே அட்டவணையில் பதில் இருக்கிறது. 7 நாட்டுக்கு மேல் இந்தப் படகுக்கு மேடு. 10 குதிரைத்திறனை 15 ஆக்கினால் கூடுதலாகக் கிடைப்பது அரை நாட் அளவு இருக்கலாம், மிச்சமெல்லாம் நுரை.

அதே படகு, அதே வேகம், மைலேஜ் ஏன் குறைகிறது?

அடிப்பகுதி. துறைமுகத் தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் படகில் பாசியும் சிப்பியும் ஒட்டிக்கொள்ளும். கையால் தடவினால் மெல்லிய வழுவழுப்பு இருக்கிற நிலையிலேயே இழப்பு தொடங்கிவிடும், சிப்பி பிடித்தால் பல மடங்கு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றிச் சுரண்டி வண்ணம் பூசுவது இதற்காகவும்தான். தினமும் மணலில் ஏற்றி வைக்கும் ஃபைபர் படகில் சிப்பி பிடிக்காது. ஆனால் மணலில் இழுபட்டு அடிப்பகுதி சொரசொரப்பாகும், கீறல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும்.

எடை. மிதப்புக்காக வைத்த அறைக்குள் இப்படிப் புகுந்த தண்ணீர் வெளியே தெரியாது. 100 லிட்டர் என்றால் 100 கிலோ, ஒன்றரை ஆளைச் சும்மா ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி. புதிதில் இருந்ததைவிடப் படகு தண்ணீரில் இரண்டு விரல் ஆழமாக உட்காருகிறதா என்று பக்கத்திலிருக்கும் கோட்டைப் பாருங்கள். எடையை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். ஆளும் கேனும் எல்லாம் கடையாலில் குவிந்தால் படகு எப்போதும் மேடேறிக்கொண்டே இருக்கும்.

புரொப்பல்லர். இதில் இரண்டு அளவுகள்: விட்டம், பிட்ச். மரத்தில் திருகாணி போல் வழுக்காமல் போனால் ஒரு சுற்றில் எவ்வளவு முன்னேறும் என்பதுதான் பிட்ச். தண்ணீர் மரமில்லை, அதனால் கொஞ்சம் வழுக்கும். அந்த வழுக்கலை நாமே கணக்கிடலாம். புரொப்பல்லர் தண்டு நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றை, அங்குலத்தில் உள்ள பிட்சால் பெருக்கி 1,215 ஆல் வகுத்தால் வழுக்காத வேகம் நாட்டில் வரும். தண்டு 1,200 சுற்று, பிட்ச் 10 அங்குலம் என்றால் 9.9 நாட். படகு உண்மையில் 7 நாட் போனால் வழுக்கல் 29 சதவீதம். இந்த எண் தனியாக நல்லது கெட்டது எதையும் சொல்லாது. ஆனால் போன மாதம் 29 ஆக இருந்தது இந்த மாதம் 36 என்றால் ஏதோ மாறியிருக்கிறது: அடியில் சிப்பி, இலையில் நெளிவு, அல்லது உள்ளே தண்ணீர்.

பிட்ச் அதிகமான புரொப்பல்லரை மாட்டினால் ஃபுல் ரேஸிலும் எஞ்சின் தன் முழுச் சுற்றை எட்டாது. டீசலில் கரும்புகை தள்ளும். மிகக் குறைவாக இருந்தால் எஞ்சின் வெறுமனே சுற்றும். எஞ்சினோடு வந்த கையேட்டில் முழு ரேஸில் எத்தனை சுற்று வர வேண்டும் என்று இருக்கும். வழக்கமான சுமையோடு அந்தச் சுற்று வருகிறதா என்று பார்த்தால் புரொப்பல்லர் பொருத்தமா என்பது தெரிந்துவிடும். கனமான, மெதுவான படகுக்கு, இடம் இருக்கும் வரை, பெரிய விட்டத்தில் மெதுவாகச் சுற்றுகிற புரொப்பல்லர்தான் லாபம்.

அப்புறம் நீவாடு. 2 நாட் நீவாட்டை எதிர்த்து வரும்போது மேலே உள்ள அட்டவணை அடியோடு மாறுகிறது. 4 நாட்டில் ஓடினால் தரையில் நகர்வது 2 நாட்தான், லிட்டருக்கு 1.7 கடல் மைல். 6 நாட்டில் ஓடினால் 1.3. 7 நாட்டில் ஓடினால் 1.0. மெதுவாகப் போவது அப்போதும் சிக்கனம்தான், ஆனால் அதன் ஆதாயம் சுருங்கிவிட்டது. 2 நாட்டுக்குக் குறைத்தால் நின்ற இடத்திலேயே எண்ணெயை எரிப்பதுதான் நடக்கும். எதிர்நீவாட்டில் வழக்கத்தைவிட ஓரளவு கூட்டியும், நீவாடு உதவும்போது குறைத்தும் ஓட்டுவது என்று அனுபவசாலிகள் கையால் செய்வதற்குப் பின்னால் இருக்கிற கணக்கு இதுவே.

எவ்வளவு ஏற்றிக்கொண்டு போவது

மைலேஜ் கணக்கு தவறினால் முதலில் போவது காசு. நடுக்கடலில் தவறினால் காசோடு நிற்காது. எண்ணெய் தீர்ந்து எஞ்சின் நின்ற படகு காற்றும் நீவாடும் கொண்டுபோகிற பக்கம் போகும். பாக் நீரிணையில் அந்தப் பக்கம் எல்லைக்கோடாகவும் இருக்கலாம்.

உலகெங்கும் சிறு படகுக்காரர்கள் வைத்திருக்கும் வழக்கம், போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்பது. அது ஏன் மிகையான ஜாக்கிரதை இல்லை என்பதை நம் அட்டவணையிலேயே போட்டுப் பார்க்கலாம். கேன்களில் 30 லிட்டர் இருக்கிறது. காலையில் அமைதியான கடலில் 6 நாட்டில் 20 கடல் மைல் போகிறோம். 10 லிட்டர் செலவு, 20 மிச்சம். மாலையில் 2 நாட் நீவாடு எதிரே நிற்கிறது. அதே 6 நாட்டில் திரும்பினால் 15 லிட்டர் ஆகும், கரையேறும்போது கையில் 5 லிட்டர் இருக்கும். வானம் கறுக்கிறது என்று பதறி 7 நாட்டுக்குத் திறந்துவிட்டால் திரும்புவதற்கு 19.6 லிட்டர். மீன் எடையும், நனைந்த வலையும், எதிர்க்காற்றும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. கேனில் மிச்சமிருப்பது 400 மில்லி.